கடை நிலைத்தது, ஆலை கைமாறியது: ராச்டேல் 1843–1863

எதற்காக இந்த நிகழ்வு

இங்கிலாந்தில் தொழிற்புரட்சி கிளப்பிவிட்ட இயக்கங்களைப் பட்டியல் போட்டால் இயந்திரம் உடைத்தவர்கள் வருவார்கள், ஓட்டுரிமை கேட்ட சாசன இயக்கம் வரும், தொழிற்சங்கங்கள் வரும். ஒரு மளிகைக் கடையும் அந்த வரிசையில் வருகிறது. ராச்டேல் என்ற ஊரில் 28 பேர் சேர்ந்து 1844ல் திறந்த கடை அது. கூட்டுறவு பற்றிப் படித்தவர்களுக்கெல்லாம் தெரிந்த கதைதான். ஆனால் பெரும்பாலும் பாதியில் நின்றுவிடுகிற கதை. கடை ஜெயித்தது என்பதோடு பாடம் முடிந்துவிடும். பத்து வருடம் கழித்து அந்தக் கடையின் உறுப்பினர்கள் ஒரு பஞ்சாலையும் தொடங்கினார்கள். ஆலை நன்றாகவே ஓடியது. ஆனால் எதற்காகத் தொடங்கினார்களோ அதை எட்டே வருடத்தில் கைவிட்டது.

இந்தக் குறிப்பு கடையையும் ஆலையையும் சேர்த்துப் பார்க்கிறது. ஆட்களின் பெயர்களை விட்டுவிட்டேன். அவர்கள் எழுதிவைத்த விதிகளைப் பார்த்தாலே போதும்.

பின்னணி

மான்செஸ்டருக்கு வடகிழக்கே சுமார் 16 கிலோமீட்டரில் இருக்கிறது ராச்டேல். ஃபிளானல் என்கிற மென்மையான கம்பளித் துணிக்குப் பெயர்போன ஊர். தறி வீட்டிலேயே இருக்கும். வீட்டில் எல்லோரும் ஏதாவது ஒரு வேலை பார்ப்பார்கள். நெய்ததைக் கொண்டுபோய் வியாபாரியிடம் கொடுத்துக் கூலி வாங்குவார்கள். விசைத்தறிக்கு 1785லேயே காப்புரிமை வாங்கிவிட்டார்கள் என்றாலும் அது பரவலானது 1820களுக்குப் பிறகுதான். முதலில் பருத்தியில் வந்தது, கம்பளிக்கு மெதுவாக வந்தது. பிரிட்டனில் 1820 வாக்கில் இரண்டு லட்சத்துக்கு மேல் இருந்த பருத்திக் கைத்தறி நெசவாளர்கள் 1850க்குள் சில பத்தாயிரங்களாகச் சுருங்கிவிட்டார்கள். தறியை விட்டவர்களைப் பற்றித்தான் புத்தகங்கள் அதிகம் பேசுகின்றன. விடாமல் ஒட்டிக்கொண்டிருந்தவர்களின் கூலி வருடா வருடம் தேய்ந்ததுதான், என்னைக் கேட்டால், அதைவிடக் கொடுமை.

அரசியல் வழியும் அடைபட்டுக் கிடந்தது. 1819 ஆகஸ்ட் 16 அன்று மான்செஸ்டரில் ஓட்டுரிமை கேட்டுக் கூடிய பெரும் கூட்டத்துக்குள் குதிரைப்படை புகுந்து வெட்டியது. 1832ன் சீர்திருத்தச் சட்டம் ஓட்டை நடுத்தர வர்க்கத்தோடு நிறுத்திக்கொண்டது. 1834ன் ஏழைச் சட்டம், உதவி வேண்டுமென்றால் குடும்பத்தைப் பிரித்துவைக்கும் உழைப்பு இல்லத்துக்குள் வா என்றது. 1838ல் ஆறு கோரிக்கைகளோடு மக்கள் சாசனம் வந்தது: வயது வந்த ஆண்கள் எல்லோருக்கும் ஓட்டு, ரகசிய வாக்கெடுப்பு, இப்படி. 1842ல் 33 லட்சத்துக்கும் மேற்பட்ட கையெழுத்துகளோடு அதைக் கொண்டுபோனபோது, மனு கொடுத்தவர்கள் தரப்பைக் கேட்கவே வேண்டாம் என்று நாடாளுமன்றம் 287க்கு 49 என்ற கணக்கில் முடிவு செய்தது. அதே வருட ஆகஸ்டில், ராச்டேல் இருந்த லங்காஷையர் மாவட்டம் முழுக்க வேலைநிறுத்தம். கொதிகலன்களின் அடைப்பைப் பிடுங்கி நீராவியை நிறுத்தி, ஆலை ஆலையாக மூடினார்கள். ராணுவம் வந்தது, கைதுகள் நடந்தன, கூலி ஏறவில்லை.

இன்னொரு நம்பிக்கையும் ஊரில் உலவியது. ஸ்காட்லாந்தின் நியூ லானார்க் ஆலையை நடத்திக் காட்டிய ராபர்ட் ஓவனின் கருத்து அது: முதலாளியே இல்லாத கூட்டுக் குடியிருப்புகளில் வாழலாம். அந்தக் கருத்தில் பிறந்த ஹாம்ப்ஷையர் குடியிருப்பு ஒன்று 1839ல் தொடங்கி 1845ல் நொடித்துப்போனது. நம் ஆட்களில் சிலர் ஓவன்காரர்கள், சிலர் சாசனக்காரர்கள். சிலருக்குச் சாராயத்தை ஒழித்தாலே பாதித் துன்பம் தீரும் என்ற எண்ணம்.

1843 இறுதி: கேட்டது கிடைக்கவில்லை

1843 கடைசியில் ஃபிளானல் வியாபாரம் சூடாக இருந்தது. இதைவிட நல்ல நேரம் வராது என்று நெசவாளர்கள் கூலி உயர்வு கேட்டுத் தூது போனார்கள். முதலாளிகளில் பெரும்பாலோர் மறுத்துவிட்டார்கள். வேலைநிறுத்தமும் தோற்றது. அதன் பிறகு ஒரு சிறு கூட்டத்தார் உட்கார்ந்து, இனி என்ன செய்வது என்று பேசினார்கள். குடியை விடுங்கள் என்றது ஒரு தரப்பு. சாசனம் வரும்வரை ஒன்றும் நடக்காது என்றது இன்னொன்று. கூலியை நம்மால் ஏற்ற முடியவில்லை, கூலியைச் செலவழிக்கிற இடத்தையாவது நம் கையில் எடுப்போம் என்றது மூன்றாவது. அதுதான் எடுபட்டது. மற்ற இரண்டு தரப்பும் தங்கள் கொள்கையை விடாமலேயே இதில் சேர முடிந்தது ஒரு காரணம் என்று நினைக்கிறேன்.

ஆளுக்கு வாரம் 2 பென்ஸ். ஞாயிற்றுக்கிழமைகளில் வசூல்காரர்கள் ஊரைப் பகுதி பகுதியாகப் பிரித்துக்கொண்டு வீடு வீடாக நடந்தார்கள். ஒரு பவுண்டுக்கு 240 பென்ஸ். 2 பென்ஸ் வீதம் கட்டினால் ஒரு பவுண்டு மதிப்புள்ள ஒரு பங்குக்கு 120 வாரம் ஆகும். இது ஆகாது என்று 3 பென்ஸாக ஏற்றினார்கள். அப்போதும் 80 வாரம்.

அவர்கள் கவனித்தவை

இவர்களுக்குக் கடை புதிதல்ல என்பதை விட்டுவிட்டு இந்தக் கதையைச் சொல்லக்கூடாது. இதே ஊரில், இதே டோட் லேன் தெருவில், 1833ல் ஒரு கூட்டுறவுக் கடை திறந்து 1835ல் மூடியிருந்தார்கள். காரணம் கடன். உறுப்பினர்தானே, அடுத்த வாரம் கொடுக்கட்டும் என்று எழுதிவைத்தார்கள். வேலை குறைந்த மாதங்களில் நோட்டு நிறைந்தது, கல்லா காலியானது. புதிய கூட்டத்தில் சிலர் அந்தக் கடையை அருகிலிருந்து பார்த்தவர்கள்.

அடுத்து, ஊரில் மற்ற கடைகள் நடந்த விதம். கூலியைச் சரக்காகக் கொடுப்பதை 1831லேயே சட்டம் தடை செய்திருந்தாலும், முதலாளிக்கு வேண்டிய கடையில்தான் வாங்க வேண்டும் என்ற கட்டாயம் பல இடங்களில் வேறு வேறு வடிவில் தொடர்ந்தது. கடனுக்கு வாங்குகிறவர் விலையும் பேச முடியாது, தரமும் பேச முடியாது. கலப்படம் சர்வசாதாரணம்: ரொட்டி வெள்ளையாகத் தெரிய மாவில் படிகாரம், ஏற்கெனவே கொதிக்கவைத்த தேயிலையை உலர்த்திச் சாயம் ஏற்றி மறுபடி விற்பது. கலப்படத்தைத் தடுக்க முதல் பொதுச் சட்டம் வந்ததே 1860ல்தான்.

எடுத்த முடிவுகள், அவற்றின் காரணம்

1844 அக்டோபர் 24 அன்று ‘ராச்டேல் நேர்மை முன்னோடிகள் சங்கம்’ என்ற பொருள்படும் பெயரில் பதிவு செய்தார்கள். நெசவாளர் கடை என்று சொன்னாலும் 28 பேரில் பாதிக்கும் மேல் வேறு தொழில்காரர்கள்: செருப்பு செய்பவர், தச்சர், தையல்காரர் என்று. பட்டினியின் விளிம்பில் இருந்தவர்கள் என்பதைவிட, அந்த விளிம்பைப் பக்கத்தில் பார்த்துக்கொண்டிருந்தவர்கள் என்பது பொருத்தம்.

நோக்கப் பட்டியல் மளிகைக் கடைக்கு ரொம்பப் பெரியது. கடை வைப்பது, உறுப்பினர்களுக்கு வீடு கட்டுவது, வேலை இல்லாத அல்லது கூலி குறைக்கப்பட்ட உறுப்பினர்களுக்கு வேலை கிடைக்கப் பொருள் உற்பத்தி செய்வது, நிலம் வாங்கிப் பயிரிடுவது, கடைசியில் உற்பத்தி, விநியோகம், கல்வி, ஆட்சி எல்லாவற்றையும் தாங்களே நடத்தும் ஒரு குடியிருப்பு. கடை இந்தப் படிக்கட்டின் முதல் படி. இதை மனதில் வைத்துக்கொண்டால்தான் பின்னால் ஆலை ஏன் வந்தது என்று புரியும்.

விதிகளில் முதலாவது ரொக்கம் மட்டும். கடன் யாருக்கும் இல்லை, உறுப்பினருக்கும் இல்லை. 1835ல் பட்ட சூடு இதில் நேராகத் தெரிகிறது. அப்புறம், கலப்படமில்லாத சரக்கு, சரியான எடை, ஊர் விலை. விலையைக் குறைத்து விற்று மற்ற கடைகளோடு மல்லுக்கட்ட வேண்டாம் என்பதும் யோசித்து எடுத்த முடிவுதான். பங்கு எத்தனை இருந்தாலும் ஒருவருக்கு ஒரு ஓட்டு. பெண்களும் உறுப்பினராகலாம். மணமான பெண்ணின் சொத்து கணவனுடையது என்று சட்டம் சொன்ன காலத்தில் இது சின்ன விஷயமில்லை.

இவை எல்லாவற்றையும் தாங்கி நின்றது லாபம் பிரிக்கும் முறை. முதலீட்டுக்கு வரம்பு கட்டிய வட்டி. மிச்ச லாபம், அவரவர் எவ்வளவு சரக்கு வாங்கினாரோ அந்த விகிதத்தில், மூன்று மாதத்துக்கு ஒருமுறை. ஒரு கணக்கு போட்டுப் பார்ப்போம். வட்டி 5 சதவீதம், வாங்கிய சரக்குக்கு ஏற்ப வரும் பங்காதாயம் பவுண்டுக்கு ஒரு ஷில்லிங் (20 ஷில்லிங் ஒரு பவுண்டு) என்று வைத்துக்கொள்ளுங்கள். 10 பவுண்டு பங்கு போட்டுவிட்டுக் கடைப் பக்கமே வராதவருக்கு வருடம் 10 ஷில்லிங். ஒரே ஒரு பவுண்டு பங்கு போட்டு, வருடம் 20 பவுண்டுக்குச் சரக்கு வாங்குகிற குடும்பத்துக்கு வட்டி ஒரு ஷில்லிங், பங்காதாயம் 20 ஷில்லிங், ஆக 21. பணம் போட்டவரைவிடக் கடைக்கு வந்தவருக்கு அதிகம். இந்த முறையை இவர்கள்தான் கண்டுபிடித்தார்கள் என்று சொல்வது சரியில்லை; ஸ்காட்லாந்திலும் யார்க்‌ஷையரிலும் சில கடைகள் முன்பே செய்திருந்தன. ரொக்கத்தையும் ஒற்றை ஓட்டையும் இதோடு சேர்த்து, விடாமல் கடைப்பிடித்ததுதான் இவர்கள் வேலை.

1844 டிசம்பர் 21, சனிக்கிழமை

டோட் லேன் 31ம் எண், ஒரு கிடங்கின் தரைத்தளம். வருட வாடகை 10 பவுண்டு. கையில் இருந்த 28 பவுண்டில் வாடகையும் மரச்சாமானும் போக, சரக்குக்கு மிஞ்சியது 16 பவுண்டு 11 ஷில்லிங் 11 பென்ஸ். அதில் வாங்கியவை: 28 ராத்தல் (ஒரு ராத்தல் அரைக் கிலோவுக்குச் சற்றுக் குறைவு) வெண்ணெய், 56 ராத்தல் சர்க்கரை, 300 கிலோவுக்குச் சற்று மேல் கோதுமை மாவு, ஒரு மூட்டை ஓட்ஸ் மாவு, இரண்டு டஜன் மெழுகுவர்த்தி. முழுச் சரக்கையும் ஒரு தள்ளுவண்டியில் அடக்கிவிடலாம் என்று ஊரில் கேலி செய்தார்கள்.

வருடத்தின் நீளமான இரவு அது. எட்டு மணிக்குத் திறக்க வேண்டும். உள்ளே இருந்தவர்களுக்குக் கதவுப் பலகையைக் கழற்றவே கூச்சம். வெளியே ஆலைச் சிறுவர்கள் கூடியிருந்தார்கள். நூல் நிறைந்த கட்டைகளைக் கழற்றி மாற்றும் டாஃபர் பையன்கள். கடைசியில் ஒருவர் துணிந்து பலகையை எடுத்ததும், கிழட்டு நெசவாளர் கடை திறந்தாச்சு டோய் என்கிற மாதிரி கூச்சல் கிளம்பியது. ஆரம்பத்தில் திங்கள், சனி மாலைகளில் மட்டும் கடை. வேலை முடிந்து வந்த உறுப்பினர்களே மாறி மாறிக் கல்லாவில் நின்றார்கள்.

அடுத்த ஐந்து வருடம்

1845 முடிவில் 74 உறுப்பினர்கள், 710 பவுண்டு வியாபாரம், 22 பவுண்டு லாபம். 1848 வரை இப்படியே மெதுவாக, 140 உறுப்பினர் வரை. வருடக்கணக்கில் இவ்வளவு நிதானமாக வளர்ந்ததை இன்று யாரும் வெற்றி என்று சொல்லமாட்டார்கள்.

1849ல் ஊரின் சேமிப்பு வங்கி முறிந்தது. நடத்தியவரின் மோசடி, ஏழைகளின் சேமிப்பு போனது. பணத்தை எங்கே வைப்பது என்று தேடியவர்கள் டோட் லேனுக்கு வந்தார்கள். அந்த ஒரே வருடத்தில் உறுப்பினர்கள் 140லிருந்து 390 ஆனார்கள், 1850ல் 600. பங்காதாயத்தை எடுக்காமல் பங்காகவே விட்டுவைக்கலாம் என்ற வசதி இருந்ததால், சாப்பிடச் சாப்பிடச் சேமிப்பு ஏறியது. மாடியில் செய்தித்தாள் அறையும் நூலகமும் வந்தன. 1850களில் லாபத்தில் இரண்டரை சதவீதத்தைக் கல்விக்கென்று ஒதுக்கினார்கள். 1860ல் 3,450 உறுப்பினர்கள், ஒன்றரை லட்சம் பவுண்டுக்கு மேல் வியாபாரம்.

இந்த வளர்ச்சியில் ஒரு விஷயத்தைக் குறித்துவைக்க வேண்டும். 1849க்குப் பிறகு வந்தவர்களில் பலர் குடியிருப்புக் கனவுக்காக வரவில்லை. பணம் பத்திரமாக இருக்கும், கொஞ்சம் கூடும் என்று வந்தார்கள். கடைக்கு அதனால் பாதிப்பில்லை. அங்கே யார் எந்த எண்ணத்தோடு வந்தாலும் வாங்கினால்தான் லாபம்.

ஆலை, 1854–1862

இனி நோக்கப் பட்டியலின் உற்பத்திப் படி. 1850ல் மாவரைக்கும் ஆலை ஒன்றை வேறு சங்கங்களோடு சேர்ந்து தொடங்கினார்கள். முதலில் நஷ்டம், அப்புறம் தேறியது. 1854ல் கூட்டுறவு உற்பத்திச் சங்கம், நூற்பதற்கும் நெய்வதற்கும். வாடகை இடத்தில் தொடங்கி, பிறகு மிட்செல் ஹே என்ற இடத்தில் சொந்த ஆலை கட்டினார்கள்.

இங்கே லாபம் பிரிக்கும் விதி இப்படி: முதலில் முதலீட்டுக்கு வட்டி. மிச்சத்தை முதலுக்கும் உழைப்புக்கும் பகிர வேண்டும். உழைப்பின் பங்கு அவரவர் வாங்கிய கூலியின் விகிதத்தில். கடையில் வாங்குகிறவருக்குக் கொடுத்ததை ஆலையில் உழைக்கிறவருக்குக் கொடுத்தார்கள். பார்க்க ஒரே கணக்குதான்.

ஆனால் ஓட்டு பங்குதாரரிடம் இருந்தது. பங்குதாரர்களில் பெரும்பாலோர் அந்த ஆலையில் வேலை பார்க்காதவர்கள். ஆலைத் தொழிலாளர்களில் எல்லோரும் பங்குதாரர்கள் இல்லை. ஆலை பெரிதாகப் பெரிதாகப் பணம் தேவைப்பட்டது, பணத்தோடு புதுப் பங்குதாரர்கள் வந்தார்கள். அவர்கள் கேட்ட கேள்வி எளிமையானது: இவர்களுக்கு ஊர்க்கூலி கொடுத்தாயிற்று, மேற்கொண்டு எதற்கு நம் லாபத்தில் பங்கு? கேட்டவர்கள் பெரிய பணக்காரர்கள் இல்லை. அவர்களே பக்கத்து ஆலைகளில் கூலிக்குப் போகிறவர்கள். இந்த ஆய்வில் எனக்கு ஜீரணிக்கக் கஷ்டமான இடம் இதுதான்.

முதல் முயற்சியில் விதியை மாற்றத் தேவையான அளவு ஓட்டு கிடைக்கவில்லை. 1862ல் கிடைத்தது. உழைப்புக்கான பங்கு நீக்கப்பட்டது. ஆலை சாதாரண பங்கு நிறுவனம் போல ஓடத் தொடங்கியது.

அதே காலத்தில்

1861ல் அமெரிக்க உள்நாட்டுப் போர் தொடங்கி, தென்மாநிலத் துறைமுகங்கள் முற்றுகையிடப்பட்டன. லங்காஷையருக்குப் பஞ்சு வரத்து நின்றுபோய் ஆலைகள் மூடின. விதி மாறிய வருடம் இந்தப் பஞ்சுப் பஞ்சத்தின் நடுவில் வருகிறது. பங்கில் போட்ட ஒவ்வொரு ஷில்லிங்கும் முக்கியமான நேரம் என்பதையும் கணக்கில் எடுக்க வேண்டும், நியாயம் சொல்வதற்காக இல்லை என்றாலும்.

கடை இந்தச் சோதனையில் எப்படி நின்றது என்று பாருங்கள். உறுப்பினர் எண்ணிக்கை 1861ல் 3,900, 1862ல் 3,501, 1863ல் 4,013. சேமிப்பை எடுத்துச் சாப்பிட்டார்கள், கடை திரும்ப எழுந்தது. 1863ல் வட இங்கிலாந்தின் கூட்டுறவுக் கடைகள் சேர்ந்து மான்செஸ்டரில் மொத்த விற்பனைச் சங்கம் ஒன்றைப் பதிவு செய்தன. அதன் முன்வரிசையில் ராச்டேல்காரர்கள் இருந்தார்கள். நுகர்வோர் கூட்டுறவு வளர்ந்தது. உற்பத்திக் கூட்டுறவு அந்த அளவுக்கு நிமிரவே இல்லை.

மறுபடி செய்தால் எதை மாற்றுவது

ரொக்க விதியை நான் தொடமாட்டேன். அதற்குக் கொடுத்த விலையையும் மறைக்கக்கூடாது. கடனில்லாமல் ஒரு வாரத்தைத் தள்ள முடியாதவர்கள் இந்தக் கடைக்குள் வரவே முடியவில்லை. ஒரு பவுண்டு பங்கும் அவர்களுக்கு எட்டாதது. ஊரின் அடிமட்டம் வெளியேதான் நின்றது. நல்ல வருடங்களில் கல்விக்கு ஒதுக்கியது போல, பங்குக்கு முன்பணம் கொடுக்கவும் ஒரு சிறு நிதி வைத்திருக்கலாம். அதுவும் கடன்தான், சரி; ஆனால் சரக்குக்கான கடன் இல்லை.

ஆலையில் மாற்ற வேண்டியது அதிகம். உழைப்பின் பங்கைத் தொடும் எந்தத் திருத்தத்துக்கும் ஆலைத் தொழிலாளர்களின் தனிச் சம்மதம் வேண்டும் என்று 1854லேயே எழுதியிருக்க வேண்டும். தொழிலாளரின் லாபப் பங்கை ரொக்கமாகக் கொடுக்காமல், முதல் சில வருடங்களுக்காவது ஆலைப் பங்காக வரவு வைத்திருக்க வேண்டும். கடையில் சேமிப்பு தானாக ஏறிய அதே வழிதான். அப்படிச் செய்திருந்தால் 1862ல் ஓட்டெடுக்கும்போது அறையில் வேறு ஆட்களும் உட்கார்ந்திருப்பார்கள். வெளியிலிருந்து பணம் வேண்டுமா, கடனாக வாங்கலாம், வட்டி கொடுக்கலாம், ஓட்டு கொடுக்கத் தேவையில்லை. இதனால் ஆலை சிறியதாகவே இருந்திருக்கும். மிட்செல் ஹே கட்டடம் எழாமலேகூடப் போயிருக்கலாம்.

கடையில் வாங்குகிறவரும் உறுப்பினரும் ஓட்டுப் போடுகிறவரும் ஒரே ஆள். ஆலையில் அந்த மூன்றும் பிரிந்துபோயின. 28 பேரும் 1844ல் எழுதிய பட்டியலை மறுபடி எடுத்துப் பார்த்தால், உற்பத்தி பற்றிய வரியில் உறுப்பினர்களுக்கு வேலை கொடுப்பது என்று இருக்கிறது. வேலை பார்க்க வருகிறவர்களை உறுப்பினராக்குவது என்று இல்லை. திருத்தப் பேனாவை நான் முதலில் அந்த வரியில்தான் வைப்பேன்.